இன்டர்செப்டர் 650: ஸ்லிப்-ஆன் சைலன்சர் போட்டா ஃப்யூயல் டியூனிங் கட்டாயமா?

திருச்சி_650

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2021 ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, ரெண்டு சிலிண்டர் பைக், ஓடினது 31,000 கிலோமீட்டர். மூணு வாரத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வெளி கம்பெனி ஸ்லிப்-ஆன் (பழைய பைப் நுனியிலேயே சொருகி மாட்டுறது) சைலன்சர் மாட்டினேன். ஏர் ஃபில்டர் வண்டியோட வந்ததுதான், அதுல கை வைக்கலை. இன்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற பெண்ட் பைப்பும் பழசுதான். ஆனா இடது சைலன்சர் ஸ்டேக்கு (அதைத் தாங்குற பட்டைக்கு) நேரா உட்காரலைன்னு கடையில பெண்ட் பைப் நட்டை லூஸ் பண்ணி, கொஞ்சம் அசைச்சுப் பிடிச்சு, திரும்ப டைட் பண்ணினாங்க. நான் பக்கத்துலயேதான் நின்னேன்.

அன்னையிலிருந்து வண்டி பழைய மாதிரி இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டா 'டப் டப்'னு வெடிக்குது, இடது பக்கம்தான் அதிகம். மைலேஜ் 27 கொடுத்துக்கிட்டிருந்தது இப்போ 23. ரெண்டு தடவை டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டுட்டேன். காலையில முதல் ஸ்டார்ட்ல 'ச்சு ச்சு'ன்னு ஒரு சத்தம், ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுடுது. நேத்து பிளக் கழட்டிப் பார்த்தேன். வலது பிளக் நல்லா பழுப்பு நிறத்துல இருக்கு, இடது பிளக் மட்டும் கரி படிஞ்சு கருப்பா இருக்கு.

கடைக்காரர் சொல்றது: "புது சைலன்சர்ல காத்து ஃப்ரீயா போகுது, இன்ஜின் லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா காத்து அதிகமா, ஓடுது. பெட்ரோல் அளவைக் கூட்டுற டியூனிங் பெட்டி போடலைன்னா வால்வு எரிஞ்சிடும்." 12,000 ரூபாய் கேட்கிறார். பயமா இருக்கு. ஆசை ஆசையா வாங்கின வண்டி. இது உண்மையிலேயே கட்டாயமா?

நெடுஞ்சாலை_நேசன்

கண்டிப்பா போடணும் பிரதர். சைலன்சர் மாத்தினா டியூனிங் பண்ணியே ஆகணும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். வெளியே காத்து அதிகம் போனா உள்ளேயும் அதிகம் வரும், அப்போ பெட்ரோலும் அதிகம் வேணும். அந்த 'டப் டப்' சத்தமே லீன்னு சொல்ற அறிகுறிதான். என் நண்பன் பெட்டி போட்டான், பிக்கப் சூப்பரா மாறிடுச்சு. தள்ளிப் போடாதீங்க.

கோவை_ஸ்பானர்

தம்பி, பெட்டிக்குக் காசு கட்டிடாதீங்க, ஒரு வாரம் பொறுங்க. 22 வருஷமா இதே வேலைதான் செஞ்சுட்டு இருக்கேன். நீங்க எழுதினதுக்குள்ளயே பதில் இருக்குதுங்க.

இன்ஜின் லீனா ஓடினா பிளக் வெளுக்கும். உங்க இடது பிளக் கருத்திருக்குது. மைலேஜும் குறைஞ்சிருக்குது. அப்படின்னா அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் தேவைக்கு மேல போகுதுன்னு அர்த்தம். ஏற்கெனவே அதிகமா போற இடத்துல இன்னும் ஊத்துற பெட்டியை எதுக்குங்க மாட்டணும்? அதுவும் சைலன்சர் ரெண்டு பக்கமும் மாத்தினீங்க, கோளாறு ஒரு பக்கம் மட்டும் வந்திருக்குது. சைலன்சர்தான் காரணம்னா வலது பக்கமும் அதேமாதிரி இருக்கணுமே.

உங்க வண்டியில ரெண்டு பெண்ட் பைப்லயும் தனித்தனியா ஆக்சிஜன் சென்சார் இருக்குது. புகையில ஆக்சிஜன் மிச்சமிருந்தா அந்த சென்சார் 0.1 வோல்ட் பக்கம் காட்டும், மிச்சமில்லைன்னா 0.9 பக்கம் போகும். நடுவுல 0.45. ஈசியு (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) இதைப் பார்த்துப் பார்த்து, பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் திறக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைச்சு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்குப் பக்கத்துல நிறுத்தப் பார்க்கும். சீரான வேகத்துல போறப்போ விநாடிக்கு விநாடி இந்த வேலை நடந்துட்டே இருக்கும்.

இப்போ இன்ஜின் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேர்ற வாயில ஒரு மயிரிழை இடைவெளி இருக்குதுன்னு வெச்சுக்குங்க. புகை வெளியே போறது தண்ணிக்குழாய் மாதிரி ஒரே ஓட்டமா இல்லைங்க, துடிச்சுத் துடிச்சுத்தான் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னாடி ஒரு கணம் உறிஞ்சும். அந்த உறிஞ்சல்ல வெளிக்காத்து உள்ளே நுழைஞ்சு சென்சாரைத் தொடும். சென்சார் "ஆக்சிஜன் இருக்கு, லீன்"னு தப்பாச் சொல்லும். ஈசியு அதை நம்பி அந்த சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோலைக் கூட்டும். பிளக் கருக்கும், மைலேஜ் இறங்கும். எரியாத பெட்ரோலும் நுழைஞ்ச காத்தும் சூடான பைப்ல சேர்ந்து, நீங்க ஆக்சிலரேட்டரை விடறப்போ வெடிக்கும். உங்க கணக்குல எதுவும் மிச்சமில்லை பாருங்க.

காலையில வர்ற 'ச்சு ச்சு' சத்தம்தான் எனக்கு உறுதி கொடுத்தது. இரும்பு குளிர்ந்திருக்கிறப்போ இடைவெளி திறந்திருக்கும். சூடேறி விரிஞ்சதும் ஓரளவு அடைச்சுக்கும், சத்தம் நிக்கும். கசிவு மொத்தமா போறது இல்லை, காதுக்குக் கேக்குறதுதான் நிக்குது.

பெண்ட் பைப் வாயில ஒரு வளையம் இருக்கும், கேஸ்கெட். முதல் தடவை டைட் பண்ணுறப்போ நசுங்கித்தான் அது சீல் ஆகுது. ஒருதரம் நசுங்கினதை லூஸ் பண்ணி, பைப்பை அசைச்சு, திரும்ப முறுக்கினா பழைய இடத்துல உட்காராது. பெண்ட் பைப்பை அசைச்சா கேஸ்கெட் புதுசு போட்டே ஆகணும். எங்க பட்டறையில பையன்களுக்கு நான் முதல்ல சொல்லித்தர்ற பாடம் இதுதான்.

வீட்லயே பார்க்கலாம். நாளைக்குக் காலையில வண்டி முழுக்க ஆறியிருக்கிறப்போ ஒரு ஊதுபத்தி கொளுத்திக்குங்க. ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டுட்டு, புகை நூல் மாதிரி நேரா ஏறுற இடமாப் பார்த்து இடது பெண்ட் பைப் வாய்கிட்ட கொண்டுபோங்க. மின்விசிறி, வெளிக்காத்து எதுவும் கூடாது. பெட்ரோல் சிந்தியிருந்தா கண்டிப்பா செய்யாதீங்க. சீல் நல்லா இருந்தா புகை நேரா மேல போகும். கசிவு இருந்தா புகை வெட்டி வெட்டி ஆடும், சில சமயம் உள்ளே இழுக்கிறதே கண்ணுக்குத் தெரியும். வலது பக்கமும் வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் வண்டியை நிறுத்திட்டு நட்டைச் சுத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க, மை பூசின மாதிரி கருப்புப் பொடி இருக்கும்.

சரி, டியூனிங் கட்டாயமாங்கிற கேள்விக்கு வர்றேன். ஏர் ஃபில்டர் மாத்தாம, புகையைச் சுத்தம் பண்ணுற கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் எடுக்காம, ஸ்லிப்-ஆன் மட்டும் போட்டா பெரும்பாலும் தேவையில்லைங்க. சீரா ஓட்டுறப்போ வர்ற சின்ன மாற்றத்தை ஈசியு தானா சரிக்கட்டிக்கும். முழுசா முறுக்கிப் போறப்போதான் அது சென்சார் பேச்சை விட்டுட்டு, உள்ளே எழுதி வெச்ச கணக்குப்படி ஓடும். அந்தக் கணக்குல பெட்ரோல் கொஞ்சம் தாராளமாவே இருக்கும், 13 பக்கத்துல. ஸ்லிப்-ஆன்னால அது கொஞ்சம் மேல நகரலாம். அதனால வால்வு எரியும்னு சொல்றது பயமுறுத்தி விக்கிறது. எனக்கு அது பிடிக்காதுங்க.

கன்வர்ட்டர் எங்க இருக்குதுன்னு ஒவ்வொரு வண்டிக்கும் வேற. சைலன்சருக்குள்ள இருந்தா, சைலன்சரோட அதுவும் போயிடும், கணக்கு மாறும். அடுத்த தடவை சைலன்சர் கழட்டுறப்போ பெண்ட் பைப்போட சைலன்சர் பக்க வாயில டார்ச் அடிங்க. தேன்கூடு மாதிரி தெரிஞ்சா அது பெண்ட் பைப்லயே இருக்குது, உங்களோடவே இருக்கு. புது சைலன்சரோட டிபி கில்லரையும் (சத்தம் அடக்குற செருகு) கழட்டி வீசிடாதீங்க. கீழ் ஆர்பிஎம்ல இழுவை குறையும், சத்தமும் தாங்காது.

இன்னொண்ணு, இதை யாரும் சேர்த்துச் சொல்றதில்லை. இப்போ பங்க்ல நாம போடுறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7ன்னா இதுக்கு 13.5 பக்கம்தான் சரியான கணக்கு. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கிறதால அதே அளவு ஊத்தினா லீன் பக்கம் சாயும். ஸ்லிப்-ஆன் பண்ணுற மாற்றத்தைவிட இது பெருசு. 2021 வண்டிக்கு முழு முறுக்குல இருந்த தாராளத்துல ஒரு பங்கை இது ஏற்கெனவே எடுத்துக்கிச்சு. அதனால நீங்க நெடுநேரம் முழு வேகத்துல ஓட்டுற ஆளா இருந்தா ஒரு தடவை டைனோவில (நின்ன இடத்துலயே வண்டியை ஓட்டி அளக்கிற மெஷின்) ஏத்தி, காத்து-பெட்ரோல் கணக்கைத் துல்லியமா காட்டுற வைட்பேண்ட் சென்சார் வெச்சு அளந்துடுங்க. அளந்து பார்த்துத் தேவைன்னு வந்தா பெட்டி போடுங்க, நானே மாட்டித் தருவேன். அளக்காம போடுறது ரத்தம் சோதிக்காம சர்க்கரைக்கு மாத்திரை போடுற மாதிரிங்க.

மதுரை_ஆர்எக்ஸ்

கோவைக்காரர் சொல்றதுதான் சரி தம்பி. ஆனா இதைப் படிச்சுட்டு பழைய வண்டிக்காரங்க யாரும் "டியூனிங் வேணாமாம்"னு எடுத்துக்கிடக் கூடாதுன்னு எழுதுறேன்.

என்கிட்ட ஆர்எக்ஸ் 100 இருக்கு. டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர். 98 சிசிதான். அதுல சைலன்சர்ங்கிறது சத்தம் அடக்குற குழாய் மட்டும் இல்ல, இன்ஜினோட ஒரு பாகம். எக்ஸ்பான்ஷன் சேம்பரோட (அந்த வயிறு பெருத்த சைலன்சர் குழாய்) பின்னாடி குறுகுற பகுதியில இருந்து திரும்பி வர்ற அலைதான் வெளிய ஓடப் பார்க்கிற புதுப் பெட்ரோலைத் திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளுது. நான் வாலிபத்துல வேற சேம்பர் மாட்டிட்டு, கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளையான ஜெட்டை மாத்தாம ஓட்டினேன். மேலூர் ரோட்டுல முழு முறுக்குல போறப்ப பின் சக்கரம் அப்படியே பிடிச்சுக்கிருச்சு. கிளட்ச்சைப் பிடிச்சதால உசுரோட இருக்கேன். கழட்டிப் பார்த்தா பிஸ்டன் பக்கவாட்டுல நகத்தால பிறாண்டின மாதிரி கோடு கோடா. கார்புரேட்டருக்குச் சொல்ல சென்சார் கிடையாது, தானாச் சரிக்கட்டத் தெரியாது. ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்து ஊத்துற டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோடதான் போகுது. லீன் ஆனா சூடும் ஏறும், வழவழப்பும் குறையும்.

அதனால கார்புரேட்டர் வண்டி வெச்சிருக்கவங்க சைலன்சர் மாத்தினா மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசு போட்டு ஆரம்பிங்க. முழு முறுக்குல ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடிச்சு இன்ஜினை ஆஃப் பண்ணி, ஓரம் கட்டிப் பிளக்கைப் பாருங்க. வெள்ளையா இருந்தா இன்னும் பெருசு. பாதி முறுக்குல மட்டும் கோளாறுன்னா நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழ இறக்குங்க, ஊசி மேல ஏறும், பெட்ரோல் கூடும். பொறுமையா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும்.

பெங்களூர்_வாசி

எதிர்ப் பக்கத்து அனுபவத்தையும் வெச்சுடறேன். என்னுதும் இன்டர்செப்டர்தான். ஆனா நான் பெண்ட் பைப்போட சேர்த்து முழு சிஸ்டம் போட்டேன், கன்வர்ட்டர் இல்லாதது. ஏர் ஃபில்டர் உட்கார்ற ஏர் பாக்ஸையும் எடுத்துட்டு, திறந்த கோன் ஃபில்டர். அதோட வண்டி வீட்டுக்கு வந்தப்போ ஓட்டவே முடியலை. 3,000 ஆர்பிஎம்ல சீரா போக நினைச்சா முன்னும் பின்னும் இழுக்கும். மனைவி பின்னாடி உட்கார்ந்தா தலை ஆடும்.

டைனோவில போட்டப்போ முழு முறுக்குல 14.3 காட்டிச்சு. அது உண்மையான லீன். ஈசியுவோட சேர்த்து மாட்டுற பிக்கிபேக் பெட்டி மாட்டி, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் உட்கார்ந்து திருத்தி 13க்குக் கொண்டு வந்தாங்க. அரை நாள் வேலை. வண்டி வெண்ணெய் மாதிரி ஆச்சு, இழுப்பு ஒண்ணும் இல்லை. பவர் ரொம்ப ஏறிடும்னு நினைச்சேன். ரெண்டு குதிரைத்திறன்கூட முழுசா ஏறலை. டியூனிங் எனக்குக் கொடுத்தது நான் கெடுத்த சீரான ஓட்டத்தை. அதுக்கே அந்தச் செலவு தகும், ஆனா அந்தச் செலவை வரவழைச்சது நான் கழட்டின ஏர் பாக்ஸ்தான்.

வாங்குறவங்க ஒண்ணு கேளுங்க: அந்தப் பெட்டி ஆக்சிஜன் சென்சாரையும் கையாளுமா, இன்ஜெக்டரை மட்டுமா? இன்ஜெக்டரை மட்டும் தொட்டா, சீரா போறப்போ அது கூட்டுற பெட்ரோலை ஈசியு சென்சாரைப் பார்த்துக் குறைச்சுடும்.

சட்டம்_படிப்பவன்

டெக்னிக்கல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா செலவுக் கணக்குல இதையும் சேர்த்துக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம்: சத்தம், புகை அளவை மீறி ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். லைசென்ஸும் மூணு மாசத்துக்குப் போகும். 175 சிசிக்கு மேலான பைக் தயாரிப்புல தாண்டக் கூடாத அளவு 80 டெசிபல். வண்டியோட வந்த சைலன்சர் ரெண்டையும் பத்திரமா எடுத்து வைங்க, வித்துடாதீங்க. பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கிற தெருவில இருந்து எழுதுறேன், கொஞ்சம் பார்த்துக்குங்க.

திருச்சி_650

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

கோவை அண்ணன் சொன்னபடி மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊதுபத்தி வெச்சேன். வலது பக்கம் புகை நேரா கோடு போட்ட மாதிரி போச்சு. இடது பக்கம் கொண்டு போனதும் புகை தந்தி அடிச்ச மாதிரி வெட்டிச்சு, நட்டுக்குக் கீழ ஒரு இடத்துல உள்ளே இழுத்துச்சு. கைபேசியில வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். டார்ச் அடிச்சா ஹெட்டுல விரல் நுனி அளவுக்குக் கரி.

வேற மெக்கானிக்கிட்ட போய் கேஸ்கெட் புதுசு போட்டேன். பழசைக் கையில வாங்கிப் பார்த்தேன் அண்ணே. ஒரு பக்கம் காகிதம் மாதிரி நசுங்கியிருக்கு, எதிர்ப் பக்கம் அப்படியே தடியா இருக்கு. மெலிஞ்ச பக்கம் பளபளன்னு இருக்கு, தடிப்பா இருந்த பக்கம் கருப்பா இருக்கு. கரி எங்க வழியா வந்ததுன்னு அதுலயே தெரியுது. சைலன்சரை இறக்கினப்போ பெண்ட் பைப்புக்குள்ள டார்ச் அடிச்சேன், தேன்கூடு தெரிஞ்சுது. டிபி கில்லர் உள்ளேயே இருக்கு.

ரெண்டு தடவை டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டாச்சு. முதல் தடவை 25, ரெண்டாவது 26.5. காலைச் சத்தம் சுத்தமா இல்லை. பாலத்துல இறங்குறப்போ ஆக்சிலரேட்டரை விட்டா மட்டும் ஒண்ணு ரெண்டு 'பட்' கேக்குது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இது பரவாயில்லையா? 12,000 ரூபாயை அப்படியே வெச்சிருக்கேன்.

கோவை_ஸ்பானர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த ஒண்ணு ரெண்டு 'பட்' பரவாயில்லைங்க. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஈசியு பெட்ரோலை நிறுத்தும், நிக்குற நேரத்துல மிச்சம் மீதி பைப்ல எரியும். பழைய சைலன்சர் அந்தச் சத்தத்தை முழுங்கிடுச்சு, இது வெளிய விடுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வரைக்கும் கவலைப்படாதீங்க. ஒரு பக்கம் மட்டும் கூடினா அன்னைக்கே ஊதுபத்தியை எடுங்க.

புது கேஸ்கெட் சூடாகி ஆறி இன்னும் கொஞ்சம் அமுங்கும். 300 கிலோமீட்டர் ஆனதும் வண்டி முழுக்க ஆறினப்புறம் நட்டை ஒரு தடவை சரிபார்த்துடுங்க, டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டுற ஸ்பானர்) வெச்சு. ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா. ஒரே நட்டை முழுசா முறுக்கினா அதே ஒரு பக்க நசுங்கல்தான் திரும்ப வரும். வலது பக்கத்துக்கும் கேஸ்கெட் மாத்தினீங்களா? அந்தக் கடையில அதையும் லூஸ் பண்ணியிருப்பாங்க.

திருச்சி_650

மாத்தியாச்சு அண்ணே, ரெண்டும். வலதுலயும் ஒரு ஓரம் மெலிய ஆரம்பிச்சிருந்தது. நட்டு விஷயம் குறிச்சு வெச்சுக்கிட்டேன், இப்போ 210 கிலோமீட்டர் ஆகியிருக்கு. ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போயிட்டு வந்து, ராத்திரி முழுக்க ஆற விட்டு, திங்கக்கிழமை காலையில பார்க்கிறேன்.